குழாய் ஃப்ளை தண்ணீரில் சாய்ந்து போகிறது, எங்கே தப்பு? (பின்லாந்து சால்மன், ட்ரவுட் ஃப்ளை கட்டுபவர்கள் வரவும்)

வடகாற்று | மார்ச் 2, இரவு 9.15

வணக்கம். ஔலுவில் இருக்கிறேன். சால்மனுக்கு ஃப்ளை கட்ட ஆரம்பித்து இது மூன்றாவது குளிர்காலம். ஓர் இடத்தில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன்.

நான் கட்டுவது குழாய் ஃப்ளை. 4 சென்டிமீட்டர் பிளாஸ்டிக் குழாய். உடலுக்குப் பாதி தங்க ஜரிகை, பாதி கறுப்பு டப்பிங் (நூலில் முறுக்கிச் சுற்றுகிற பஞ்சு). இறக்கைக்கு, கடையில் 'பின்ராக்கூன்' என்று விற்கிற விலங்கு முடி: அடியில் மஞ்சள், நடுவில் ஆரஞ்சு, மேலே கறுப்பு. இரண்டு கன்னத்திலும் காட்டுக்கோழி இறகு. மொத்த நீளம் 11 சென்டிமீட்டர். வைஸில் (கட்டும்போது ஃப்ளையைப் பிடித்து நிறுத்துகிற இடுக்கி) மாட்டியிருக்கும்போது பார்த்தால் எனக்கே பெருமையாக இருக்கிறது. குளியல் தொட்டியை நிரப்பி இழுத்துப் பார்த்தால் இடது பக்கம் சாய்கிறது, சில சமயம் மல்லாந்தே விடுகிறது. ஐந்து கட்டினேன், நான்கு இப்படித்தான்.

போன ஜூலையில் இதே மாதிரி ஃப்ளைகளோடு தோர்னியோ ஆற்றில், பெல்லோ பக்கம், நான்கு நாள் நின்றேன். ஒன்றும் கடிக்கவில்லை. அது பரவாயில்லை, சால்மன் என்றால் அப்படித்தான். ஆனால் மூன்றாம் நாள் பக்கத்துக் குடிலில் இருந்த பெரியவர் ஒருவர் என் பெட்டியைப் பார்த்தார், ஒன்றை எடுத்துத் தண்ணீரில் நனைத்தார், "லீக்கா" என்றார். பின்னிஷில் 'ரொம்ப அதிகம்' என்று அர்த்தம். அவ்வளவுதான், காப்பி குடிக்கப் போய்விட்டார். எது அதிகம் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. எட்டு மாதமாக அந்த ஒரு சொல் மண்டையைக் குடைகிறது.

படம் இணைத்திருக்கிறேன்.

குன்னூர்க்காரன் | மார்ச் 2, இரவு 10.02

எனக்கு இது புது உலகம், கோபித்துக்கொள்ளாதீர்கள். எங்கள் பக்கம் அவலாஞ்சியில் 1907-இல் வெள்ளைக்காரர்கள் வைத்த ட்ரவுட் பொரிப்பகம் இருக்கிறது, அதைப் பார்த்ததோடு என் மீன் அறிவு முடிந்தது. குழாய் ஃப்ளை என்றால் என்ன? கொக்கி எங்கே? அப்புறம், சால்மன் ஆற்றுக்குள் வந்தால் சாப்பிடாது என்று படித்தேன். சாப்பிடாத மீனுக்கு எதற்கு ஈ?

மல்லிகா_தாம்பெரே | மார்ச் 3, காலை 7.40

குன்னூர்க்காரரே, கேட்டது நல்ல கேள்வி. ஃப்ளை என்பது இறகு, முடி, நூல் வைத்துக் கட்டுகிற போலிப் பூச்சி. பின்னிஷில் 'பெர்ஹோ' என்பார்கள். வண்ணத்துப்பூச்சிக்கு 'பெர்ஹோனென்'. கல்லுக்கடியில் புழுவாக வளர்ந்து மேலே பறந்து வருகிற கேடிஸ் பூச்சிக்கு 'வெசிபெர்ஹோனென்', அதாவது தண்ணீர் வண்ணத்துப்பூச்சி. நான் ட்ரவுட்டுக்குக் கட்டுகிறவள், அதனால் எனக்கு அந்தப் பூச்சிதான் குலதெய்வம்.

ட்ரவுட் பசிக்குக் கடிக்கும். அதனால் அதற்குக் கட்டும் ஃப்ளை ஏதோ ஒரு பூச்சியைப் போலத் தெரிய வேண்டும். சால்மன் கதை வேறு. கடலில் தின்று கொழுத்து, முட்டையிட ஆறு ஏறும்போது இரை தேடுவதையே நிறுத்திவிடுகிறது. ஆனாலும் மூக்குக்கு முன்னால் பளபளவென்று எதையாவது அசைத்தால் பாய்ந்து கவ்வுகிறது. கோபமா, கடலில் இருந்த பழக்கமா என்று ஆற்றங்கரையில் இரவு முழுக்கச் சண்டை போடலாம். அதனால் சால்மன் ஃப்ளை எதைப் போலவும் இருக்க வேண்டியதில்லை. அசைந்தால் போதும்.

குழாய் எதற்கென்றால்: தூண்டில் நரம்பு குழாய்க்குள் நுழைந்து வந்து கடைசியில் கொக்கி கட்டப்படும். மீன் மாட்டியதும் குழாய் நரம்பில் மேலே நகர்ந்துவிடும், வாயில் சின்னக் கொக்கி மட்டும் இருக்கும். நீளமான கொக்கி என்றால் மீன் தலையை உலுக்கும்போது நெம்புகோல் மாதிரி வேலை செய்து கழன்றுவிடும். இதில் அது இல்லை. கட்டின ஃப்ளையும் பல்லில் அரைபடாமல் தப்பிக்கும்.

வடகாற்று தம்பி, சாய்வது பற்றி எனக்குச் சொல்லத் தெரியாது. செல்வன் அண்ணா வருவார், பொறுங்கள்.

ஒஸ்லோ_செல்வன் | மார்ச் 3, மாலை 6.20

வந்திட்டேன். தம்பி, படம் பார்த்தேன். வடிவான ஃப்ளை. கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து அழகு பார்க்கலாம். அந்தப் பெரியவர் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்.

முதலில் ஒரு வேலை செய்யுங்கள். ஃப்ளையை நனைத்து, விரலால் ஒருக்கா பிழிந்து, சன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். இறக்கை ஓவியம் தீட்டுகிற தூரிகை மாதிரி கூம்பி, ஊடே வெளிச்சம் தெரிய வேண்டும். உங்களுடையது நனைந்த பூனைவால் மாதிரித் தெரியும் என்று பந்தயம் கட்டுவேன். பிறகு சொல்லுங்கள்: ஒரு இறக்கைக்கு எவ்வளவு முடி எடுத்தீர்கள், அடிப்பஞ்சைச் சீவினீர்களா, என்ன கொக்கி?

வடகாற்று | மார்ச் 3, இரவு 8.55

பூனைவாலேதான். பந்தயத்தில் ஜெயித்துவிட்டீர்கள்.

ஒவ்வொரு நிறத்திலும் பென்சில் தடிமனுக்கு எடுத்தேன். அடிப்பஞ்சைச் சீவவில்லை, அது இருந்தால்தானே இறக்கை புஸ்ஸென்று நிற்கும்? கொக்கி 8-ஆம் நம்பர் இரட்டைக் கொக்கி.

ஆனால் ஒரு சந்தேகம் அண்ணா. தோர்னியோ பெரிய ஆறு, தண்ணீர் தேயிலைச் சாயம் மாதிரி பழுப்பு. பெரிய ஃப்ளையாக இருந்தால்தானே மீனுக்குத் தெரியும்? குறைத்தால் எப்படி?

ஒஸ்லோ_செல்வன் | மார்ச் 4, மாலை 5.45

பெரிதாகத் தெரிவது வேறு, நிறைய முடி இருப்பது வேறு. இதில்தான் எல்லாரும் வழுக்கி விழுகிறோம். நானும் விழுந்தவன்தான், கனக்க வருடம் விழுந்தபடியே கிடந்தேன்.

பின்ராக்கூன் எப்படிப்பட்ட முடி என்று பாருங்கள். வெளியே நீளமான, கொஞ்சம் விறைப்பான மேல்முடி. உள்ளே பஞ்சு. அந்த விலங்கு குளிர் தாங்கப் பஞ்சை வைத்திருக்கிறது, ஆற்றில் நீந்துவதற்கல்ல. அந்தப் பஞ்சு தண்ணீரைக் குடித்துக் கட்டியாகி, முடியை ஒன்றோடொன்று ஒட்டிவிடும். பிறகு இறக்கை அசையாது, கட்டை மாதிரி நிற்கும். ஓட்டம் அந்தக் கட்டையைப் பிடித்துத் தள்ளும். கீழே 8-ஆம் நம்பர் கொக்கியும் பிளாஸ்டிக் குழாயும் காற்றுப் போல லேசு. மேலே பாய், கீழே அடிப்பாரம் இல்லாத வள்ளம். கவிழாமல் என்ன செய்யும்?

இப்போது செய்முறை. தோலிலிருந்து தீக்குச்சித் தடிமனுக்கு மட்டும் வெட்டுங்கள். நுனியை இறுகப் பிடித்துக்கொண்டு அடிப்பக்கத்தைச் சின்னச் சீப்பால் சீவுங்கள், பஞ்சு கையோடு வரும். முழுக்க எடுக்காதீர்கள். கால்வாசியை அடியில் விட்டால் அது முட்டுக்கொடுத்து இறக்கையைத் தூக்கி நிறுத்தும்.

முதல் கற்றையைத் தலைகீழாகக் கட்டுங்கள், அதாவது நுனி முன்பக்கம், குழாயின் வாயைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். நூலால் நாலு சுற்று. பிறகு முடியைப் பின்னால் மடித்து, மடிப்புக்கு முன்னால் நூலைக் கொண்டுவந்து தடை போடுங்கள். முடி படுக்காமல் சாய்வாக எழுந்து நிற்கும். ஓட்டம் அதை அமுக்கும், ஓட்டம் குறைந்தால் அது எழும்பும், திரும்ப அமுக்கும். ஃப்ளை மூச்சு விடுகிறது என்று சொல்வது இதைத்தான். இந்தப் பாணியைப் பரப்பியவர் சுவீடனின் ஹோகன் நூர்லிங். அவர் டெம்பிள் டாக் என்ற முடியில் கட்டினார், பின்லாந்தில் பின்ராக்கூனும் நரிமுடியும் கைக்குக் கிட்டியதால் அதில் கட்டுகிறார்கள்.

அடுத்த கற்றை முதலாவதைவிட நீளம், ஆனால் மெல்லிசு. மூன்றாவது இன்னும் நீளம், இன்னும் மெல்லிசு. இடையில் மினுக்கு நாலு இழை, அதற்கு மேல் போட்டால் கல்யாண வீடு. முன்னால் சேவல் இறகு இரண்டே சுற்று. 11 சென்டிமீட்டர் நீளம் அப்படியே இருக்கும், முடி மூன்றில் ஒரு பங்காகிவிடும்.

கொக்கியைப் பெரிதாக்குங்கள். இல்லையென்றால் பித்தளைக் குழாய் போடுங்கள், உங்கள் பின்லாந்து யூமர் நிறுவனமே விதவிதமாகச் செய்கிறது. நிறத்தில் நீங்கள் பிழை விடவில்லை. சதுப்பு நிலச் சாயம் கலந்த பழுப்புத் தண்ணீரில் ஆரஞ்சு, மஞ்சள், கறுப்பு, தங்கம்தான் எடுபடும். தெளிந்த தண்ணீரென்றால் நான் பச்சை, நீலம், வெள்ளி என்று போவேன்.

நூல்கண்டு | மார்ச் 4, இரவு 9.30

நடுவில் நுழைகிறேன். காட்டுக்கோழி இறகு என்றீர்களே, அது எந்தக் காட்டுக்கோழி? நம்மூர்க் கோழியா?

வடகாற்று | மார்ச் 4, இரவு 10.10

நம்மூர்க் கோழியேதான்! நீலகிரி, ஆனைமலை, மேற்குத் தொடர்ச்சி மலை முழுக்கக் கூவுகிற சாம்பல் காட்டுக்கோழி. சேவலின் கழுத்து இறகு ஒவ்வொன்றின் நுனியிலும் மெழுகு சொட்டினது போல மஞ்சளும் வெள்ளையுமாக ஒரு பொட்டு இருக்கும். வேறு காட்டுக்கோழிகளில் அப்படி ஒரு பொட்டு கிடையாது. வெள்ளைக்காரன் காலத்தில் இங்கிருந்து கழுத்துத் தோல்களைக் கட்டுக்கட்டாக ஏற்றுமதி செய்து, பிரிட்டிஷ் சால்மன் ஃப்ளைகளில் கன்னத்தில் கண் மாதிரி வைத்தார்கள். அந்தப் பழக்கம் வடதுருவம் வரை வந்துவிட்டது. முதல் தடவை ஒரு பின்லாந்துக் கடையில் அந்த இறகைப் பார்த்தபோது, வால்பாறையில் காலையில் கேட்கிற கூவல் அப்படியே காதில் விழுந்தது.

குன்னூர்க்காரன் | மார்ச் 5, காலை 6.50

இன்று காலைகூடக் கூவியது! அப்படியானால் நான் நாலு இறகு பொறுக்கி அனுப்பினால் வேலைக்கு ஆகுமா?

மல்லிகா_தாம்பெரே | மார்ச் 5, காலை 7.15

வேண்டவே வேண்டாம் சார். வனவிலங்குச் சட்டம் 1972 அந்தப் பறவையைப் பாதுகாக்கிறது. ஏற்றுமதிக்கு அதற்கு முன்பே தடை வந்துவிட்டது. இப்போது உலகச் சந்தையில் வருவது ஐரோப்பாவில் கூண்டில் வளர்த்த கோழிகளின் இறகு, அதற்கும் காகிதம் வேண்டும். விலை கேட்டால் மயக்கம் வரும். பொட்டு கீறியிருந்தால் பின்பக்கம் ஒரு சொட்டு வார்னிஷ் வைத்து விரலால் நீவினால் சேர்ந்துகொள்ளும், அதனால் கீறின இறகையும் எறிய மாட்டோம்.

குன்னூர்க்காரன் | மார்ச் 5, காலை 7.30

சரி, சரி. கூவலை மட்டும் பதிவு செய்து அனுப்புகிறேன். ஜரிகை? பழைய பட்டுச்சேலை ஜரிகை ஆகுமா?

மல்லிகா_தாம்பெரே | மார்ச் 5, மாலை 4.05

தாராளமாக. பின்லாந்து மீனவர் லௌரி ரபாலா 1936-இல் தன் முதல் போலி மீனைத் தக்கையில் செதுக்கி, மேலே சுற்றியது சாக்லேட் தாள். பளபளப்புக்கு மீன் ரசீது கேட்பதில்லை.

பச்சைத்தண்ணி | மார்ச் 5, இரவு 11.20

யாரும் பேசாத ஒன்றைக் கேட்கிறேன். இந்தப் பின்ராக்கூன் என்ற அழகான பெயருக்குப் பின்னால் இருப்பது ராக்கூன் நாய். பின்லாந்தின் மேற்குக் கரையோரம், போஹ்யன்மா பக்கப் பண்ணைகளில் கம்பிக்கூண்டில் அடைத்து வளர்க்கிறார்கள். 2023-இல் பறவைக் காய்ச்சல் அந்தப் பண்ணைகளில் புகுந்தபோது எத்தனை விலங்குகளைக் கொன்று குவித்தார்கள் என்று தேடிப் பாருங்கள். காட்டுக்கோழிக்கு அவ்வளவு கரிசனம், இதற்கு இல்லையா?

வடகாற்று | மார்ச் 6, இரவு 8.00

பதில் சொல்ல ஒரு நாள் யோசித்தேன். நான் வாங்கின பாக்கெட் எந்தப் பண்ணை முடி என்று இதுவரை கேட்டதே இல்லை. அதுதான் உண்மை.

மல்லிகா_தாம்பெரே | மார்ச் 6, இரவு 9.25

கேள்வி நியாயம். வேறு வழியும் இருக்கிறது. ராக்கூன் நாய் இங்கே காட்டிலும் திரிகிறது. சோவியத் காலத்தில் ரஷ்யாவின் ஐரோப்பியப் பகுதியில் கொண்டுவந்து விட்டார்கள், எல்லை தாண்டி இங்கே பெருகிவிட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தின் அந்நிய ஊடுருவல் இனப் பட்டியலில் இருக்கிறது. தரையில் கூடு கட்டும் பறவைகளின் முட்டையைத் தின்றுவிடும் என்று வேட்டைக்காரர்கள் ஆண்டுக்கு ஒரு லட்சத்துக்கும் மேல் சுடுகிறார்கள். பெரும்பாலான தோல் வீணாகத்தான் போகிறது. என் பக்கத்து வீட்டுக்காரர் குளிர்காலத் தோல் ஒன்று சும்மா தந்தார். உப்புத் தடவி, காய வைத்து, நானே பதப்படுத்தினேன். குளியலறையில் மூன்று நாள் நாற்றம், வீட்டுக்காரர் என்னோடு பேசவில்லை. ஆனால் முடி பண்ணை முடியைவிட நன்றாக இருக்கிறது.

மான்முடியும் எனக்கு இப்படித்தான் கிடைக்கிறது. வெள்ளைவால் மான் பின்லாந்து விலங்கே இல்லை. 1934-இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் குடியேறிய பின்லாந்துக்காரர்கள் ஊருக்குப் பரிசாக அனுப்பிய விரல்விட்டு எண்ணக்கூடிய சில மான்கள். இறக்கி விட்டது எங்கள் தாம்பெரேக்குப் பக்கத்தில், வெசிலஹ்தியின் லௌக்கோ பண்ணையில். இன்றைக்குக் கிட்டத்தட்ட லட்சம். இலையுதிர் காலத்தில் வேட்டைக்காரர் வீட்டுக் கதவைத் தட்டினால் முடி இலவசம்.

பச்சைத்தண்ணி | மார்ச் 6, இரவு 10.40

சுட்டதை வீணாக்காமல் இருப்பது ஒன்று. எனக்கு முழுச் சம்மதம் இல்லை. ஆனால் பாக்கெட்டைவிட மேல்.

நூல்கண்டு | மார்ச் 7, காலை 9.10

மல்லிகா அக்கா, மான்முடி ட்ரவுட் ஃப்ளைக்கு எதற்கு? கலைமான் முடி ஆகாதா, அதுதான் அங்கே எங்கும் இருக்குமே?

மல்லிகா_தாம்பெரே | மார்ச் 7, மாலை 5.30

இரண்டும் உள்ளே காற்று நிறைந்த முடி, அதனால் மிதக்கும். ஆனால் கலைமான் முடி மொரமொரவென்று இருக்கும், நூலை இறுக்கினால் அறுந்துபோகும். வெள்ளைவால் மான் முடி தாங்கும். எங்கள் பாட்டி மல்லிகைக்கு நார் சுற்றும்போது சொல்வாள்: இறுக்கினால் காம்பு நறுக்கும், விட்டால் பூ உதிரும். நான் நூல் பிடிக்கக் கற்றது வைஸில் இல்லை, அவள் மடிக்குப் பக்கத்தில்.

கேடிஸ் பூச்சி ஃப்ளைகளில் இந்த நாட்டின் செல்லப் பிள்ளை 'நல்லே பூஹ்'. கரடிக்குட்டி வின்னி த பூவுக்குப் பின்னிஷில் அதுதான் பெயர். பார்க்கவும் அப்படித்தான், கொழுகொழுவென்று பழுப்பாக இருக்கும். நேர்த்தியான பிரிட்டிஷ் உலர் ஃப்ளை (தண்ணீர் மேல் மிதக்கிற வகை) பக்கத்தில் வைத்தால் பட்டிக்காட்டான் மாதிரித் தெரியும். ஆனால் நுரை பொங்கும் ஓட்டத்தில் நேர்த்தியானது முங்கிப்போகும், இது மிதக்கும். வடகிழக்குப் பின்லாந்தில் கூசமோவின் கித்கா, ஔலங்கா, கூசிங்கி ஆறுகளில் ஜூலை இரவுகளில், சூரியன் மறைந்தும் மறையாத நேரத்தில், கேடிஸ் தண்ணீர் மேல் தத்தித் தத்திப் போகும்போது இதை வீசிப் பாருங்கள். அந்த ஆறுகளின் ட்ரவுட் ரஷ்யப் பக்க ஏரிகளில் வளர்ந்து, முட்டையிட எல்லை தாண்டி வருகிறது. பெரிய மீன், அதனால் கொஞ்சம் கனமான கொக்கியில் கட்டுங்கள்.

ஒன்று மறக்க வேண்டாம். 64-ஆவது அட்சரேகைக்குத் தெற்கே, முதுகின் பின்னால் இருக்கும் சின்னக் கொழுப்புத் துடுப்பு வெட்டப்படாத ட்ரவுட் என்றால் அது காட்டு மீன். திரும்ப விட்டே ஆக வேண்டும். அதனால் நான் கொக்கி முள்ளை வைஸிலேயே நசுக்கிவிடுவேன். கட்டின பிறகு நசுக்கப் போய்க் கொக்கி உடைந்தால் அரை மணி நேர உழைப்பு போச்சு.

ஒஸ்லோ_செல்வன் | மார்ச் 7, இரவு 11.50

ட்ரவுட் பற்றிக் கதைக்கிறீர்கள், எனக்குத் தேனோ ஞாபகம் வருகிறது. நோர்வேக்காரர் தானா என்பார்கள், பின்லாந்துக்காரர் தேனோ என்பார்கள். ஒரே ஆறு, நடுவே எல்லை. 1928-இல் தூண்டிலில் பிடித்த கிட்டத்தட்ட 36 கிலோ சால்மன் அந்த ஆற்றில்தான். நான் முதல் தடவை போனபோது வடக்கின் பழங்குடியான சாமி இனத்துப் பெரியவர் ஒருவர் நீளமான மரப் படகை வலித்தார், பின்னால் ஃப்ளையை விட்டுக்கொண்டு ஓட்டத்துக்குக் குறுக்கே மெல்ல மெல்ல இறங்கினோம். ஐந்து மணி நேரத்தில் அவர் பேசியது பத்துச் சொல் இருக்கும். மீன் பிடிக்கவில்லை. இன்றைக்கும் என் சிறந்த நாள் அதுதான்.

2021-இலிருந்து அங்கே சால்மன் பிடிக்கத் தடை. மீன் அவ்வளவு குறைந்துவிட்டது. ஒற்றைப்படை வருடங்களில் பசிபிக் கூன்முதுகுச் சால்மன் கூட்டம் கூட்டமாக ஏறுகிறது, சோவியத் காலத்தில் ரஷ்யாவின் கோலாப் பக்கம் கொண்டுவந்து விட்டதன் மிச்சம். எதை எங்கே கொண்டுபோய் விட்டாலும் அது அங்கேயே நிற்பதில்லை. ஆனாலும் ஒவ்வொரு குளிர்காலமும் தேனோவுக்கென்று பச்சையில் இரண்டு கட்டிப் பெட்டியில் வைப்பேன். மனைவி கேட்டா, யாருக்கு என்று. பதில் சொல்லவில்லை.

வடகாற்று | மார்ச் 22, இரவு 7.35

மன்னிக்கவும், இரண்டு வாரம் ஆகிவிட்டது. செல்வன் அண்ணா சொன்னபடி ஐந்து ஃப்ளையையும் பிளேடால் அறுத்துப் பிரித்தேன். முதல் ஒன்றைப் பிரிக்கக் கை நடுங்கியது, அதற்குப் பிறகு ஆனந்தமாகவே இருந்தது. பிரித்த முடியைக் கற்றை கற்றையாகச் சீவினேன். ஐந்து பழைய இறக்கையிலிருந்து பதினொன்று புதிதாக வந்தன, இன்னும் கொஞ்சம் மிச்சம்.

மடித்துக் கட்டுவது முதல் மூன்று முறை வரவில்லை. நூல் வழுக்கி முடியெல்லாம் குழாயைச் சுற்றிப் பரவிவிட்டது. முடியை வைப்பதற்கு முன் நூல் அடியில் ஒரு சொட்டு பசை வைத்தேன், நின்றது.

தொட்டியை விட்டுவிட்டேன். ஊருக்குள் உறையாமல் ஓடுகிற ஒரு சின்ன ஓடை இருக்கிறது. அங்கே போய், கொக்கியின் வளைவை வெட்டிவிட்டு, காம்பை மட்டும் பாரத்துக்கு வைத்து, ஓட்டத்தில் விட்டுப் பார்த்தேன். மைனஸ் 12. தூண்டில் வளையமெல்லாம் பனிக்கட்டி அடைத்துக்கொண்டது, பாலத்தில் நின்ற ஒரு பாட்டி எனக்கு உடம்பு சரியில்லையோ என்பது போலப் பார்த்தார். ஃப்ளை நேராக நின்றது. கல்லுக்குப் பின்னால் ஓட்டம் தளர்ந்த இடத்தில் இறக்கை விரிந்தது, வெளியே வந்ததும் சுருங்கியது. கறுப்புக்குள்ளிருந்து ஆரஞ்சு வந்து வந்து மறைந்தது. கை மரத்துப்போகிற வரைக்கும் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

பிளாஸ்டிக் குழாயில் 8-ஆம் நம்பர் போட்ட ஒன்று மட்டும் இன்னும் லேசாகச் சாய்கிறது. அதற்குப் பித்தளைக் குழாய் வாங்கப் போகிறேன்.

ஒஸ்லோ_செல்வன் | மார்ச் 22, இரவு 8.10

அதே இறக்கையை 2 சென்டிமீட்டர் குறைத்துப் பாருங்கள், காசு மிச்சம். தோர்னியோவுக்கு எப்போது?

வடகாற்று | மார்ச் 22, இரவு 8.25

ஜூன் கடைசி வாரம், அதே குடில். பெரியவர் வருவாரா தெரியாது. அடிப்பஞ்சு மட்டும் ஒரு பை நிறையச் சேர்ந்திருக்கிறது, குப்பையில் போட மனசு வரவில்லை.

மல்லிகா_தாம்பெரே | மார்ச் 22, இரவு 8.31

போட்டுவிடாதீர்கள்! மஞ்சளையும் ஆரஞ்சையும் தனித்தனியாக வையுங்கள். கறுப்போடு கலந்து கேடிஸ் புழுவுக்கு டப்பிங் ஆக்கினால் அதைவிட நல்லது கடையில் கிடையாது. எனக்கு அனுப்புங்கள், பதிலுக்கு ஒரு துண்டு மான்தோல் தருகிறேன்.

வடகாற்று | மார்ச் 22, இரவு 8.40

முகவரியைத் தனிச்செய்தியில் போடுங்கள் அக்கா. திங்கட்கிழமை தபாலில் சேர்க்கிறேன்.